ரெண்டு கைப்பிடி மெசின்

இந்த முறை மனைவி சூசையம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை என்று மரியநாயகம் முடிவெடுத்தார். எடுத்த கையோடு, கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்கத் தொடங்கினார்.

ஹாலிஎலைக்கு மேலே, பழைய துரை பங்களாவை உல்லாசப் பயணிகளுக்கு ஹோட்டலாக்கியிருந்தார்கள். அங்கே புல் வெட்டுகிறவர் மரியநாயகம். தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் மெசின். பகலெல்லாம் அவர் அதைச் சுமப்பார். மாலையில் அதை இறக்கி வைத்த பிறகும் வலி இறங்காது.

திங்கட்கிழமை மெனேஜர் ஸப்வான் அவரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, உக்காந்து ஓட்டுற மெசின் ஒன்னு வாங்கப்போறோம். சீரோ டேர்ன். சல்லி கொஞ்சமாத்தான் குடுத்திருக்காங்க. ஆனா பத்து வருசம் ஒழைக்கணும். பதுளைக் கடையில நீங்களே பாத்துச் சொல்லுங்க. நல்லா அமைஞ்சா ஓட்டுறதும் நீங்க, முழுப்பேர். சொதப்பினா பழைய தோள் மெசின்தான்."

முழுப்பேர் என்றால் முழுநாள் வேலை. தோட்டப் பழக்கத்தை ஸப்வான் ஹோட்டலிலும் விடவில்லை. காலையில் பெரட்டுக்கு ஆட்களை வரிசையாக நிறுத்தி, அவரவர் வேலையைச் சொல்லி, முழுப்பேரோ அரைப்பேரோ போடுவார்.

மரியநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. சாமான் வாங்குவதில் அவருக்கு ராசியே கிடையாது. அவர் வாங்கி வந்த பேன் காற்றைத் தவிர எல்லாவற்றையும் தந்தது. சத்தம், புகை, ஒருநாள் நெருப்பும். அவர் வாங்கிய குடை வெயிலுக்கு மட்டும் விரியும். இந்த மெசினும் படுத்துக்கொண்டால் சாகும்வரை தோளில் சுமைதான்.

"என்னங்க, சீனி போடாமயே தேத்தண்ணியக் கலக்கிக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் சூசையம்மா.

"ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லாததுக்கா இம்புட்டுக் கலக்கு?"

நாலாவது கலக்கில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"சீரோ டேர்ன்னா என்னாங்க?"

"நின்ன எடத்திலேயே திரும்பும்."

"நீங்களுந்தான் நின்ன எடத்திலேயே நிக்கிறீங்க. நான் கூப்பிட்டா திரும்புறீங்களா?"

"மெசினப் பத்திப் பேசு புள்ள."

"ஸ்டேரிங் எப்பிடி?"

"ஸ்டேரிங்கே இல்லையாம். ரெண்டு கைப்பிடி. வலது கை வலது சில்லுக்கு, எடது கை எடது சில்லுக்கு."

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த சூசையம்மாவின் கைகள் ஒரு கணம் நின்றன. முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு, போன வருடம்தான் தோட்ட வேலையிலிருந்து நின்றவள் அவள்.

"கத்திய மூடியிருக்கிற தட்டு மெல்லிசுத் தகரமா, தடிச்ச இரும்பா? சட்டி வாங்குற மாதிரி தட்டிப் பாக்கணும்."

"ம்."

"பெல்ட் அறுந்தா பதுளையில கிடைக்குமா, கொழும்புக்கு ஓடணுமா?"

"ம்."

"சரிவுல சறுக்காதா?"

"சறுக்குமாம். கீழ்ச் சரிவுக்கு மட்டும் தோள் மெசின். அதுக்கு எவனாச்சும் வருவான்."

"ஆமா, எவனாச்சும் வருவான்," என்றாள் சூசையம்மா.

மரியநாயகம் கொல்லைப்பக்கம் போய், அவளுடைய மூன்று கேள்விகளையும் தீப்பெட்டி அட்டையில் எழுதிக்கொண்டார். கேட்டது அவளாக இருந்தாலும் எழுதியது தான்தானே என்று சமாதானம் செய்துகொண்டார். புதன்கிழமை சூசையம்மா ஆஸ்பத்திரியில் கண் காட்ட வேண்டும் என்று பதுளைக்குப் போய் வந்தாள். வெள்ளிக்கிழமை இவர் போனார்.

கடையில் மூன்று மெசின்கள் நின்றன. முதலாவது புத்தம்புதுசு, பளபளப்பு. தட்டினார், பிஸ்கட் டின் மாதிரிச் சத்தம் வந்தது. இரண்டாவது நல்ல கனம். விலையைக் கேட்டதும் தட்டுவதற்கு ஓங்கிய கையை இறக்கிக்கொண்டார். மூன்றாவது ஏதோ மைதானத்தில் ஓடிய பழசு, பெயின்ட் போயிருந்தது. தட்டினார், விரல்தான் வலித்தது.

"பெல்ட் பதுளையிலேயே கிடைக்குமா?"

கடைக்காரர் றஹீம் சிரித்தார். "கிடைக்கும். முந்தாநாள் ஒருத்தவங்க வந்து அண்ணன் கேட்ட மாதிரியே தட்டித் தட்டிக் கேட்டாங்க."

மரியநாயகம் பழசின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "எத எடுத்தாங்க?"

"எடுக்கல்ல. இந்தப் பழசை யாருக்கும் குடுத்துறாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க."

"இதையே போடுங்க," என்றார் மரியநாயகம். "இப்பவே போடுங்க."

சனிக்கிழமை காலை மெசின் லொறியில் வந்திறங்கியது, றஹீமும் கூடவே வந்தார். ஸப்வான் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான் அண்ணே," என்றார். மரியநாயகத்துக்குப் போன உயிர் வந்தது. சீட்டில் ஏறியதும் மறுபடி போனது.

வலது கையைத் தள்ளினால் இடது கையும் துணைக்குப் போனது. இடது கையை மட்டும் இழுத்துப் பார்த்தார். மெசின் நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கியது. பங்களா வந்தது, மலை வந்தது, ஸப்வான் வந்தார். மறுபடி பங்களா வந்தது, மலை வந்தது, ஸப்வானைக் காணோம். அவர் அந்தூரியப் பூப்பாத்திக்குள் ஏறி நின்றிருந்தார்.

"கைய விடுங்க," என்றது ஒரு குரல். விட்டார். மெசின் நின்றது.

மாட்டுக்குப் புல் அள்ள வந்திருந்தாள் சூசையம்மா. கையில் ஒரு சாக்கு. வந்ததற்கும் அதுதான் சாக்கு.

"நான் ஒருக்கா பாக்கவா ஐயா?"

ஏறி உட்கார்ந்தாள். ஒரு கை போனது, மற்றக் கை வந்தது. அந்தூரியத்தில் ஒரு இலைகூட அசையாமல் பாத்தியைச் சுற்றி வந்து, வாசல்வரை நேர்க்கோடாக வெட்டிக்கொண்டு போய்த் திரும்பினாள்.

"எப்பிடி அக்கா?" என்றார் ஸப்வான்.

"கொழுந்து எடுக்கையில ரெண்டு கையும் ஒன்ன ஒன்னு கேக்காதுங்க ஐயா. இதுவும் அதுதான். முப்பது வருசம் மலையில நின்னுக்கிட்டே வேல செஞ்சேன். இனி உக்காந்து செய்யணும்னு ஆச."

"புதன்கிழமையே கடை வாசல்ல நாலு சுத்து ஓட்டிட்டாங்களே," என்றார் றஹீம்.

மரியநாயகத்துக்குக் கோபம் வரத்தான் பார்த்தது. ஆனால் சீட்டில் சாய்ந்து அவள் சிரித்த சிரிப்பை அவர் பார்த்து எத்தனையோ வருடமாகிறது. கோபம் வராமல் வழக்கமான பயம்தான் வந்தது. அப்படியானால் எனக்கு என்ன வேலை?

அது திங்கட்கிழமைப் பெரட்டில் தெரிந்தது.

"நல்ல மெசின் பாத்துக் குடுத்த பேர் மரியநாயகம் அண்ணனுக்குத்தான்," என்றார் ஸப்வான் எல்லார் முன்னிலையிலும். மரியநாயகம் நெஞ்சை நிமிர்த்தினார். ஸப்வான் தொடர்ந்தார். "சூசையம்மா அக்கா, புது மெசின், முழுப்பேர். மரியநாயகம் அண்ணன், கீழ்ச் சரிவு, தோள் மெசின், அரைப்பேர்."

சூசையம்மா சீட்டில் ஏறி உட்கார்ந்து, அவர் பக்கம் குனிந்து சொன்னாள்:

"எவனாச்சும் வருவான்னீங்களே. வந்துட்டீங்க."