பாஸ்ராவுக்குப் போனவரின் தட்டு

முதல் உலகப் போர் இன்னும் முடியவில்லை என்று நம்பிய ஒரே மத்திய அரசு ஊழியர், எனக்குத் தெரிந்து, எங்கள் 'ரிலீவிங் ஆர்டர்' சார்தான். மாற்றலாகிப் போகிறவர்களைப் பணியிலிருந்து விடுவிக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடும் செக்‌ஷன் ஆபீசர். வேலூர்ப் பக்கத்துக்காரர். அதை டைப் அடிப்பவன் நான். தொண்ணூறுகளில் எங்கள் தில்லி ஆபீசில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பியூனுக்குக்கூடத் தெரியாது.

ஒருமுறை மெட்ராஸுக்கு மாற்றலான குமாஸ்தா ஆர்டரை வாங்காமலே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். சார் ஸ்கூட்டரில் துரத்திப் போய், நகரத் தொடங்கிய ரயிலின் ஜன்னலில் காகிதத்தைத் திணித்துவிட்டு வந்தார்.

"ஆர்டர் இல்லாம போனா அவன் இங்கதாம்பா இருப்பான். மெட்ராஸ்ல போய் எறங்குறது வேற யாரோ" என்றார்.

சிரித்தேன். ஆனாலும் அன்று மாலை அந்தக் காலி நாற்காலியைத் தாண்டும்போது கொஞ்சம் வேகமாகத்தான் நடந்தேன்.

போர் ஏன் வந்தது என்பதை டீ வேளையில் விளக்குவார். "இளவரசனைச் சுட்டாங்கன்றதெல்லாம் சாக்கு. இங்கிலாந்தும் பிரான்சும் மொதல்லயே வந்து ஒலகத்துல நல்ல குவார்ட்டர்ஸா பாத்து அலாட்மென்ட் வாங்கிட்டாங்க. ஜெர்மனி லேட்டா ஜாயின் பண்ண ஆபீசர். வெயிட்டிங் லிஸ்ட்ல எத்தினி நாளுதான் உக்காருவான்?"

சரோஜினி நகரில் அரசுக் குவார்ட்டர்ஸ் கிடைக்க வருஷக்கணக்காகக் காத்திருந்த நாங்கள் எல்லோரும் ஜெர்மனி பக்கம் சாய்ந்துவிடுவோம்.

"அச்சா சார், சண்டையால என்ன ஆச்சு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பொங்கலுக்கு வீட்டுக்கு வா. காட்றேன்."

போனேன். அவர், அவர் மனைவி, நான். தரையில் நான்கு தட்டுகள். சுவரோரத் தட்டின் முன்னால் உட்காரப் போனேன்.

"அங்க வேணாம்பா, அது பெரியவரு எடம்" என்றார் அவர் மனைவி. ஆளில்லாத அந்தத் தட்டில் பொங்கலும் வைத்து, நெய்யும் விட்டு, பக்கத்துத் தம்ளரில் நிறையத் தண்ணீரும் ஊற்றினார்.

சார் மெதுவாகச் சொன்னார். "எங்க தாத்தா. அந்தச் சண்டையில இங்கிலீஷ்காரன் குதிரைக்குப் புல்லு அறுக்க ஈராக்குல பாஸ்ராவுக்குப் போனாரு. வரலை. செத்தாருன்னு கடுதாசியும் வரலை. தேதி தெரியாம திதி குடுக்க முடியுமா? எங்கப்பா தட்டு வெச்சாரு, இப்ப நான் வெக்கிறேன். எனக்குப் புள்ள இல்ல. எனக்கப்புறம் அவரு வந்து நின்னா யாருப்பா சோறு போடுவாங்க?"

பார்வையைத் திருப்பினால், பெரியவர் தம்ளரில் தண்ணீர் பாதிதான் இருந்தது.

"ஆவியாப் போயிருக்கும்" என்றார் சாரின் மனைவி. தில்லியில் ஜனவரிக் குளிரில் எங்களுக்கே பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

அந்த மாதக் கடைசியில் சார் ஓய்வு பெற்றார். அதற்கு முதல்நாள் என்னை ஒரு ஆர்டர் டைப் அடிக்கச் சொன்னார். 'புல் அறுக்கும் ஆள் முனுசாமி நாளை முற்பகல் முதல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.' முழு சர்வீஸில் அவர் செய்த ஒரே முறைகேடு அது. அதற்கும் கார்பன் காப்பி கேட்டார்.

மறுநாள் காலை இந்தியா கேட். பனியில் வளைவே தெரியவில்லை.

"அவர மாதிரி சண்டைக்குப் போயி வராதவங்க பேரு இந்தக் கல்லுல இருக்கு. யாராச்சும் அவருகிட்ட போய்ச் சொல்லிடுவாங்க" என்று சொல்லிவிட்டு ஆர்டரைச் சத்தமாகப் படித்தார்.

படித்து முடித்ததும் பனிக்குள் எங்களுக்கு வலப்பக்கம் பூட்ஸ் சத்தம் கேட்டது. நிதானமாக, விலகி விலகிப் போயிற்று. காவல் சிப்பாய்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பனி கலைந்தபோது சிப்பாய் இடப்பக்கம் அசையாமல் நின்றிருந்தார்.

"போயிட்டாரு" என்று சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். மூன்று தட்டுகள்தான். சுவரோரத்தைக் காட்டினார். "உக்காருப்பா. எடம் காலியாயிடுச்சு." நான் எடுத்துக் குடிக்கிற வரைக்கும் தம்ளர் நிறைந்தே இருந்தது.

ஆபீசிலிருந்து அவரை விடுவித்த ஆர்டரை டைப் அடித்ததும் நான்தான். அவர் இறந்து பல வருஷமாகிவிட்டது. எங்கள் வீட்டில் சுவரோரம் ஒரு தட்டு அவருக்காக வைக்கிறேன். முறைப்படி அங்கிருந்தும் அவரை விடுவிக்க இன்னொரு ஆர்டர் நான் டைப் அடிக்க வேண்டும். மனசு வரவில்லை.