சஹன் சோறும் பல்கலைக்கழகமும்

ஓர் ஊர் பட்டினமா இல்லையா என்பதை அந்த ஊரில் குடியிருப்பவர்கள் தீர்மானிக்க முடியாது. அப்படி விட்டால் ஆளுக்கொரு பட்டினம் கேட்பார்கள். ஆகவே அந்தப் பாரிய பொறுப்பைக் கொழும்பிலே ஒரு சபை தன் தோளில் சுமந்துகொண்டிருந்தது. நகரத்தன்மை நிர்ணய சபை என்று அதற்குப் பெயர். அதன் அங்கத்தவர்கள் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து, நாட்டிலுள்ள ஊர்களையெல்லாம் பட்டினம் என்றும் பட்டினமல்லாதது என்றும் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள்.

கல்முனை இதில் எந்தப் பக்கம் என்று எண்பதுகளின் தொடக்கம் வரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வைத்தது ஒரு பல்கலைக்கழகம்.

அந்த நாட்களில் 'தொழில்' என்ற சொல்லுக்கு நல்ல மவுசு. வெறும் படிப்பு, பழைய காற்சட்டையைப் போல, போட்டுக்கொண்டு வெளியே போகக் கூச்சப்படும் சாமானாகிவிட்டது. தையல் வகுப்பு 'தொழில்சார் தையல் வகுப்பு' என்று பலகையை மாற்றியது. சந்தியிலிருந்த சலூன்காரர் 'தொழில்வாண்மை முடியலங்கார நிலையம்' என்று எழுதுவித்தார். பழைய கத்தரிக்கோல்தான். வெட்டுக்காயம் மட்டும் தொழில்வாண்மையாக இருந்தது.

இந்த மவுசின் உச்சத்தில்தான் 'பட்டினத் தொழில்வாண்மைப் பல்கலைக்கழகம்' கிழக்குக் கரையில் ஒரு வளாகம் திறக்கப்போவதாகச் செய்தி வந்தது. கூடவே ஒரு கையேடும் வந்தது.

விதைநெல் வியாபாரி மீராசாவின் மகள் ஸாலிஹா அந்தக் கையேட்டை மனப்பாடமாக்கிவிட்டாள். 'பட்டினமே உங்கள் வகுப்பறை' என்பது முதற்பக்கம். காலையில் விரிவுரை, பகலில் ஒரு கந்தோரில் நேரடிப் பயிற்சி. கற்பிப்பவர்கள் அந்தந்தத் தொழிலைச் செய்பவர்கள். சிறிய வகுப்புகள். படிப்பு முடிகிற அன்றே வேலைக்குத் தயாரான பட்டதாரி. கடைசிப் பக்கத்தில் ஒரு பெண், தனக்கென்று ஒரு மேசை, அதன்மேல் கணக்குப் பார்க்கும் மெசின், முகத்தில் சிரிப்பு. ஸாலிஹா அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. மேசையைத்தான் பார்த்தாள்.

உயர்தரப் பரீட்சையில் அவளுக்கு நல்ல புள்ளிதான். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகத்தான் கொஞ்சம் காணாது. இரண்டு வருடமாக வீட்டிலிருக்கிறாள்.

"வாப்பா, இது கல்முனைக்கு வந்தா நான் படிக்கட்டா?"

மீராசா நெல்மணி ஒன்றைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "கல்முனைக்கு வந்தா படி மகள். கொழும்புக்கெண்டா கதைக்கவே வேணாம்."

"வராட்டி?"

"வராட்டி உம்மா பாத்து வெச்சிரிக்கிற மாப்பிள்ளதான்."

அந்த மாப்பிள்ளை சாய்ந்தமருதில் ஓட்டு வியாபாரம். ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தபோது கூரையைத் தவிர வேறெதையும் அவர் பார்க்கவில்லை. ஆகவே கல்முனை பட்டினமாக வேண்டும் என்று ஸாலிஹா ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்டாள். பட்டினப் பல்கலைக்கழகம் பட்டினத்தில்தான் அமையலாம் என்பது சட்டம்.

ஓய்வுபெற்ற பிரதம லிகிதர் அப்துல் ஸமட் தலைமையில் வரவேற்புக் குழு கூடியது. சபையிலிருந்து பரிசோதனைக்கு வரும் அதிகாரி கண்ணில் படும்படி பட்டினத்தன்மை இருக்க வேண்டும் என்று ஸமட் விளக்கினார்.

"அண்டைக்கு எல்லாரும் அவசரமா நடக்கணும். மணிக்கூட்டப் பாத்துப் பாத்து நடக்கணும்."

"மணிக்கூடு இல்லாத ஆக்கள்?"

"மணிக்கட்டப் பாருங்க. ஆராவது வழி கேட்டா தெரியா எண்டு செல்லணும். தெரிஞ்ச ஆக்களக் கண்டா நிண்டு கதைக்கப்படா."

"தெரிஞ்ச மனிசனக் கண்டுபோட்டு எப்பிடி ஸமட் காக்கா கதைக்காமப் போற?"

"சம்பந்தம் முறிஞ்ச வீட்டாக்களக் கண்டா போறீங்கதானே. அப்பிடிப் போங்க."

போக்குவரத்து நெரிசலுக்கு வயல் பக்கமிருந்து உழவு மெசின்களும் மாட்டுவண்டிகளும் ஏற்பாடாயின. ஸாலிஹாவுக்கும் அவள் சிநேகிதி இமக்குலேற்றுக்கும் வெறும் கோப்புகளைக் கையிலேந்தி, வேலைக்குப் போகும் பட்டினப் பெண்களாகப் பிரதான வீதியில் போய்வரும் பணி கொடுக்கப்பட்டது. இமக்குலேற்றுக்கு நடிப்பு வந்தது. ஸாலிஹாவுக்கு வெட்கம்தான் வந்தது. ஆனாலும் அந்த மேசையை நினைத்துக்கொண்டு நடந்தாள்.

அதிகாரி கனகரெத்தினம் ஜீப்பில் வந்திறங்கினார். கறுப்புக் குடையும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்தார். மீன்பெட்டி கட்டிய சைக்கிளோடு சுவரில் சாய்ந்து நின்ற அச்சிமுகம்மதுவிடம் போனார்.

"தபால் கந்தோர் எங்க?"

அச்சிமுகம்மது சாய்ந்திருந்ததே தபால் கந்தோர்ச் சுவரில்தான். "தெரியா."

"நீர் இந்த ஊர்தானே?"

"அதுவும் தெரியா."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. சந்திக்குப் போனார்கள். அங்கே ஒரு வண்டி மாடு நடுவீதியில் படுத்துவிட்டது. நாலு பக்கத்திலும் உழவு மெசின்கள் முக்கிக்கொண்டு நின்றன.

"தரமான நெரிசல்," என்றார் அதிகாரி. "நாள்தோறும் இருக்குதோ?"

"வெள்ளிக்கிழமைகள்ள கொஞ்சம் குறைவு சேர்," என்றார் ஸமட், மிகுந்த வருத்தத்தோடு.

எல்லாம் ஒழுங்காக நடந்தது, பகல் சாப்பாடு வரைக்கும். பட்டினத்தில் விருந்தாளியை யாரும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை என்பதால் அவரைக் கடையில் தனியாகச் சாப்பிட விடுவதென்று தீர்மானம். அதிகாரி ஒரு மேசையில் தனியே உட்கார்ந்தார். வெளியே ஊர் முழுவதும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு தவித்தது. வெளியூரிலிருந்து வந்த மனிசன், ஒரு பிடி சோற்றைத் தனியாகப் பிசைகிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

முதலில் உடைந்தவர் மீராசா. கடைக்குள்ளே போனார். அதிகாரியின் கையைப் பிடித்தார். "எழும்புங்க சேர். ஊட்ட போவம்."

ஸமட் தலையில் கைவைத்துக்கொண்டார். "மீராசா, உண்ட மகள்ர படிப்ப நீயே கெடுத்துப்போட்டாய்."

வீட்டில் சஹன் வைத்தாயிற்று. பெரிய தட்டு நிறையச் சோறு, இறைச்சி, மாசிச் சம்பல். அதிகாரி, மீராசா, ஜீப் சாரதி, ஸமட், வழியில் நின்ற இரண்டு பேர் எல்லாரும் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். திரைக்குப் பின்னால் நின்ற ஸாலிஹாவுக்குக் கண் கலங்கியது. அவளுடைய மேசையை ஆறு பேர் பிசைந்து தின்றுகொண்டிருந்தார்கள்.

அதிகாரி இரண்டாவது தடவையும் சோறு வாங்கிக்கொண்டு கேட்டார். "உங்களுக்கு என்னை முன்பின் தெரியுமோ?"

"தெரியா சேர்," என்றார் மீராசா.

"இந்த இரண்டு பேரையும்?"

மீராசாவுக்கு அவர்களைப் பிறந்த நாளிலிருந்து தெரியும். ஆனால் ஸமட் முழங்கையால் இடித்தார். "அவங்களையும் தெரியா."

"தெரியாத ஆக்களோட ஒரே தட்டில சாப்பிடுறீங்களோ?"

"ஓம்."

கனகரெத்தினம் இடக்கையால் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, வாய்க்குள் படித்துக்கொண்டே எழுதினார்: "முன்பின் அறியாத பல்வேறு வகுப்பினர் இன, குல பேதமின்றி ஒன்றுகலந்து உண்ணும் பெருநகரப் பண்பு இங்கு உச்சநிலையில் காணப்படுகிறது." கொழும்பில்கூட இவ்வளவு இல்லை என்றும் சொன்னார்.

கல்முனை பட்டினமாயிற்று. வெடி கொளுத்தினார்கள். வளாகத்துக்கு அடிக்கல் நட்டார்கள். ஸாலிஹாவும் இமக்குலேற்றும் விண்ணப்பத்தோடு முதல் ஆட்களாய்ப் போனார்கள். பிள்ளைகளைத் தெரிவதற்கும் சபை அனுப்பியிருந்த கனகரெத்தினம் புள்ளிகளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"காணாது பிள்ளைகள். பட்டினப் பிள்ளைகளுக்குச் சகல வசதியும் இருக்கிறபடியால் கூடின புள்ளி வேணும். பின்தங்கிய ஊர்ப் பிள்ளைகளுக்கெண்டால் இது தாராளம்."

"எங்களுக்கு என்ன வசதி சேர் இருக்கு?" இமக்குலேற் கேட்டாள்.

"உங்கட ஊரில ஒரு பல்கலைக்கழகமே இருக்குதே."

"அதில படிக்கேலாதே சேர்."

"அது வேற விசயம். வசதி இருக்குதா, இல்லையா?"

ஸமட் முன்னுக்கு வந்தார். "சேர், போன மாசம் வரைக்கும் நாங்க பின்தங்கித்தானே இருந்த?"

"அதை நீங்கள் போன மாசம் சொல்லியிருக்க வேணும். நான் எழுதிப்போட்டன்."

அந்த வகையில் கல்முனைப் பல்கலைக்கழகத்தில் கல்முனைப் பிள்ளைகளைத் தவிர மற்றெல்லாரும் படிக்கலாம் என்றாயிற்று. ஆனால் பிரதம லிகிதராயிருந்து ஓய்வுபெற்றவர் சும்மா விடுவாரா? அக்கரைப்பற்றுக்கு உள்ளே, குளமும் வயலுமாய்க் கிடக்கிற சாகாமம் பின்தங்கிய ஊர்தானே? ஸமட் தன்னுடைய மகன் அபூசாலியைச் சாகாமத்தில் சாமித்தம்பி என்ற கமக்காரரின் வீட்டில் குடியிருப்பதாகப் பதிந்தார். ஊர் அதைக் கண்டது. இரண்டே அறையுள்ள சாமித்தம்பி வீட்டில் அந்த மாதம் பதிவேட்டின்படி ஒரு பள்ளிக்கூடமே குடியேறியது. மிச்சப்பேர் பக்கத்து வீடுகளுக்கும், வீடு தீர்ந்தபின் நெற்காவல் பரண்களுக்கும் போனார்கள்.

மீராசா மட்டும் மறுத்துவிட்டார். "புள்ள என்ட ஊட்ட இரிக்கி. இல்லாத எடத்தில இரிக்கா எண்டு எப்பிடிச் செல்ற?" இமக்குலேற்றின் அப்பா நேசராசாவும் மறுத்தார். பொய் சொன்னால் பாவமன்னிப்புக்குப் பாதருக்கு முன்னால் போய் முழங்காலிட வேண்டிவரும் என்றார். இரண்டு பிள்ளைகளும் வீட்டுக்குள் இருந்து அழுதார்கள். ஓட்டு வியாபாரி இன்னொருமுறை வந்து கூரையைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் சபையின் மின்விசிறிகள் சுழன்றுகொண்டுதானிருந்தன. சாகாமத்தின் சனத்தொகை திடீரெனப் பொங்கியதையும், கல்முனையில் வாலிபர்களே அற்றுப்போனதையும் சபை மிகுந்த கரிசனையோடு அவதானித்தது. ஒரு வீட்டில் இத்தனை பேர் வசிப்பது கொழும்பிலும் இல்லாத நகர நெருக்கடி என்று கண்டது. சாகாமம் பட்டினமாகவும், கல்முனை பின்தங்கிய பிரதேசமாகவும் அறிவிக்கப்பட்டன. பல்கலைக்கழகத்தைச் சாகாமத்துக்கு மாற்றினார்கள். அடிக்கல்லைத் தோண்டி உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு போய்க் குளக்கட்டுக்கு அருகே நட்டார்கள். பின்தங்கிய ஊருக்கு அநாவசியம் என்று கல்முனைத் தெருவிளக்குகளும் கூடவே போயின.

சாகாமத்துப் பட்டினவாசிகளான அபூசாலி முதலிய அத்தனை பேரும் புள்ளி காணாமல் தள்ளப்பட்டார்கள். பின்தங்கிய கல்முனையில் பதிவிலிருந்த இரண்டே பிள்ளைகள் தெரிவானார்கள். சிறிய வகுப்புகள் என்று கையேடு சொன்னது பொய்யில்லை.

"நீங்க கொழும்புதானே வாப்பா வேணாமெண்ட?" என்றாள் ஸாலிஹா.

மீராசா யோசித்தார். "ஓம். சாகாமத்த நான் ஒண்டும் செல்லல்ல."

காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருவாள். காலையில் கணக்கியல் விரிவுரை. பகலில் குளத்து நீர்ப்பாசனக் கந்தோரில் பயிற்சி. அங்கே அவளுக்கென்று ஒரு மேசை கொடுத்தார்கள். ஒரு கால் ஆடும். அதற்கு அவளே ஒரு சிரட்டைத் துண்டு வைத்துச் சரிசெய்துகொண்டாள்.

ஒருநாள் பொழுதுபட்டு மஃரிப் தொழுகை நேரம் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். வீதி கும்மென்று இருண்டு கிடந்தது. ஸமட் லாம்பும் கையுமாக நின்றார்.

"என்ன மகள், பட்டினத்தில என்ன புதினம்?"

ஸாலிஹா வழமையாகத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். அன்றைக்கு நின்றாள்.

"சாமித்தம்பி ஊட்டடியில ரெண்டு லைட்டுக் கம்பம் நட்டிரிக்கி மாமா. உங்கட மகன் இருட்டுக்குள்ள கஷ்டப்படப்படாதாம்."

ஸமட் லாம்புத் திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டார். "நல்லம்," என்றார். "அவனுக்கும் ஒருக்காச் செல்லணும். இஞ்ச ஊட்டதான் படுத்துக் கிடக்கான்."