நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு அத்துமீறல்

கொரட்டூர்,
14-9-1997

என் தம்பி மகன் பரந்தாமனுக்கு அத்தை லோகநாயகி ஆசிகளுடன் எழுதுவது. நான் சௌக்கியம். இன்று காலை பேப்பருக்குள்ளிருந்து உன் நோட்டீஸ் விழும்வரை இன்னும் சௌக்கியமாக இருந்தேன்.

கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறவர்களைத் தடுக்க உன் அம்பத்தூர் கம்பெனி ஏதோ பூட்டு விற்கிறதாம், சந்தோஷம். ஆனால் கீழே கொட்டை எழுத்தில், "சுயேச்சையான சர்வே! கொரட்டூரில் நூற்றுக்கு 92 பேர் அத்துமீறலுக்கு ஆளானவர்கள்!" என்று போட்டிருக்கிறாயே, நீ சர்வே எடுத்த எங்கள் தெருவில் மொத்தம் பதின்மூன்று வீடு, ஒன்றிலும் கம்ப்யூட்டர் கிடையாது. போன மாதம் உன் மச்சினன் உத்தமன் அட்டையும் பேனாவுமாக வந்து "சர்வே எடுக்க வந்திருக்கேன்" என்றான். இங்கே சர்வே என்றால் பட்டா, பத்திரம், அளவுச் சங்கிலி என்று உனக்குத் தெரியாதா? ஐந்தே நிமிடத்தில் தெருவே பத்திரத்தோடு வாசலில் நின்றது. "உங்க அனுமதி இல்லாம யாராவது உள்ளே நுழைஞ்சிருக்காங்களா?" என்று அவன் கேட்க, எதிர்வீட்டு முனியம்மா, "இன்னா நைனா இப்டி கேட்டுட்டே? பக்கத்து ஊட்டுக்காரன் வருசா வருசம் நொழைஞ்சிகினுதான் கீறான்! வா, நீயே அளந்து பாரு!" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "எந்த வழியா?" என்றான். "கக்கூஸ் பக்கமா!" அதையும் எழுதிக்கொண்டான். உன் நோட்டீஸில் அது, "பெரும்பாலான அத்துமீறல்கள் பின்வழியாகவே நடக்கின்றன" என்று வந்திருக்கிறது.

மச்சினன் எப்படியடா சுயேச்சை என்று போன் செய்து கேட்டால், "அவன் என் பேச்சைக் கேக்கறதே இல்ல அத்தை, அதான் சுயேச்சை" என்கிறாய். மேற்குப் பக்கத்து கலியமூர்த்தி வேலியை என் மனையில் இரண்டடி தள்ளிப் போட்டிருப்பதைத்தான் நான் உத்தமனிடம் சொன்னேன். நீ என்ன அச்சடித்தாய்? "பத்து வருஷமாக என் இடத்தில் புகுந்திருக்கிறார்கள், கேட்பாரில்லை – லோகநாயகி, கம்ப்யூட்டர் உபயோகிப்பவர்." என்னிடம் இருப்பது கிரைண்டர். பதின்மூன்றில் பன்னிரண்டு பேர் ஆம் என்றார்கள். இல்லை என்ற ஒரே ஆள் கலியமூர்த்தி. புகுந்தவரைக் கேட்டால் வேறென்ன சொல்வார்?

ஒருவர் சொல்லாததை அவர் வாயில் திணிப்பது பாவம் என்று கான்வென்டில் எங்களை முழங்காலில் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த இரண்டடிக்காகப் பத்து வருஷமாகத் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதுகிறேன். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை என்பது ஒன்றுதான் என் பலம். இந்த நோட்டீஸ் அங்கே போனால் என் மனுவையும் சேர்த்துத்தானே சிரிப்பார்கள்? ஒரு வாரத்துக்குள் மறுப்பு அச்சடித்து, மிச்சப் பிரதிகளைக் கொளுத்து. இல்லையென்றால் நானே உன் ஆபீசுக்கு வந்து, பூட்டு வாங்க வருகிறவர்களிடம் உன் சர்வேயைப் பற்றிச் சொல்வேன்.

உன் தொழில் உண்மையால் செழிக்கட்டும். சுசீலாவுக்கு என் அன்பு. அவள் தம்பி உத்தமனுக்குக் கிடையாது.

இப்படிக்கு,
லோகநாயகி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வெளியே கடப்பாரைச் சத்தம். கலியமூர்த்தி வேலிக் கல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார், சட்டைப் பையில் உன் நோட்டீஸ். "நமக்குள்ள பேசிக்கக் கூடாதாம்மா? தெருவே கம்ப்ளெயிண்ட்டு குட்த்துகீதுன்னு அச்சுல போட்டுகீறானே! இந்தா, உங்க ரெண்டடி!" என்கிறார். ஆகவே மறுப்பு வேண்டாம். கிழக்குப் பக்கத்தில் அரையடி திருவேங்கடம் வீட்டோடு போயிருக்கிறது. அவர் பேப்பர் வாங்குவதில்லை. அவருக்கு மட்டும் ஒரு பிரதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு.