ரூட்டு பாவாவும் சாகாத போன்களும்

திருத்தணியில் காலை ரயில் பிடித்து சென்னைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களில், ரூட்டு பாவாவின் கை பட்ட பிறகும் பழையபடி வேலை செய்கிற போன் வைத்திருக்கும் ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள். நான் மலையேறிப் போய் மொட்டை போட்டுக்கொள்கிறேன். இத்தனைக்கும் என் தலையில் இருப்பதே கொஞ்சம்தான்.

அவனுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஆம்பளைகள் எல்லோரையும் மச்சான் முறையில் ‘பாவா’ என்று கூப்பிடுவான். அதனால் அவனும் பாவா. ‘ரூட்டு’ தொழிலால் வந்தது. போன் கம்பெனிக்காரன் உள்ளே வராதே என்று சாஃப்ட்வேருக்குப் போட்டிருக்கும் பூட்டை உடைத்துக்கொண்டு நுழைவதற்கு ரூட் பண்ணுவது என்று பெயர். தொழில் என்றும் சொல்லக் கூடாது. அவனுக்குச் சோறு போட்டது அம்பத்தூரில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. போனை நோண்டுவது சேவை. யாரும் கேட்காமலே செய்கிற சேவை.

ஜன்னலோர சீட்டில், மடியில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எதிரில் இருப்பவர் மணி பார்க்கப் போனை எடுத்தால் போதும்.

“இன்னா பாவா, இன்னும் கம்பெனிக்காரன் குடுத்த சாஃப்ட்வேர்லயே கீற? காசு குடுத்து வாங்கின போனு. வாடகை வீட்ல ஆணி அடிக்கப் பயப்படறவன் மாதிரி எதுக்குப் பயந்துகினு?”

“ஏதாவது ஆயிடுச்சின்னா?”

“ஒண்ணும் ஆவாது. தண்ணில போட்டா போனு சாவும். கல்லுல அடிச்சா சாவும். சாஃப்ட்வேர்ல கை வெச்சா சாவவே சாவாது. மயக்கம் போட்டு விழும், அவ்ளோதான். தெளிய வெச்சிக்கலாம்.”

நியாயமாகச் சொன்னால் முக்கால்வாசி அவன் சொன்னபடிதான் நடந்தது. விழுந்த போன்கள் எழுந்துவிடும். எழுந்த பிறகு அவை வேறு பிறவியாக இருக்கும், அதுதான் சங்கடம். தபால் ஆபீஸில் வேலை செய்யும் ஒருவரின் போன் பதினைந்து நாள் சீன மொழியில் மட்டுமே பேசியது. அவர் சண்டைக்குப் போனார். “பட்டன் அந்தந்த எடத்துலதான கீது பாவா? நீ படிச்சிப் பாத்தா அமுக்கற?” என்று இவன் திருப்பிக் கேட்டான். இன்னொருவர் போனில் பெல் அடிப்பதே நின்றுபோனது. “நிம்மதியா கீறியா இல்லியா, உண்மைய சொல்லு” என்றான்.

ஸ்டெல்லா டீச்சர் கதை வேறு. அரக்கோணத்தில் ஏறி திருவள்ளூரில் இறங்குகிறவர். பாவா ‘வேகமாக்கிக் கொடுத்த’ அவருடைய போன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கத்துக்கு நடுவே தானாகவே அலாரம் அடிக்க ஆரம்பித்து, எதை அமுக்கியும் நிற்காமல், கடைசியில் வாசலுக்குக் கொண்டுபோய்ச் செருப்புகளுக்கு நடுவே விட வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் டீச்சர் அவனோடு பேசுவதில்லை.

இவ்வளவும் கண்ணால் பார்த்த நான் என் போனை அவனிடம் கொடுத்திருப்பேனா? கொடுத்தேன். மூன்று வருஷப் போன், கேமராவைத் திறப்பதற்குள் எதிரில் நிற்கிற ஆள் போய்விடுவார். ஒரு மாதமாக அவன் காதில் ஓதியதில் என் புத்தி மழுங்கிவிட்டது.

ஒரே ஒரு கவலைதான் எனக்கு. அதில் என் மகள் முதல் முதலாக நடந்த வீடியோ இருந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை, கையை விட்டு மூன்று அடி வைத்து, பொத்தென்று உட்கார்ந்து சிரிக்கும். அன்றைக்கு என் மனைவி ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள். பெற்றவள் அதைப் பார்த்தது இந்த வீடியோவில் மட்டும்தான். மனசு சரியில்லாத நாளெல்லாம் என் போனை வாங்கி அதைப் போட்டுப் பார்ப்பாள். அவள் போனுக்கு அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு எதற்கு அனுப்புவது என்று இருந்துவிட்டேன். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள்.

“வீடியோ ஒண்ணு கீது. அது மட்டும் போவக் கூடாது பாவா” என்றேன்.

“எல்லாத்தயும் காப்பி எடுத்து பத்திரமா வெச்சிட்டேன் பாவா. பயப்படாத.”

எங்கே வைத்தாய் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் பெட்டியில் ஒரு சட்டம் உண்டு. திருத்தணியில் ஏறி உட்கார்ந்து வருகிறவர்கள், மணவூர் வந்ததும் எழுந்து, அரக்கோணத்திலிருந்து நின்றுகொண்டு வருகிறவர்களுக்கு இடம் விட வேண்டும். யார் எழுதியதோ தெரியாது, யாரும் மீறியதில்லை. பாவா தன் வைத்தியத்தை எப்போதும் மணவூருக்குள் முடித்துவிடுவான். அன்று லேப்டாப் முரண்டு பிடித்ததில், திருவாலங்காடு வந்தபோதுதான் ஆரம்பித்தான். மணவூரில் ரயில் நின்றபோது திரையில் எண்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது. எதிரில் ஸ்டெல்லா டீச்சர் நின்றிருந்தார்.

“டீச்சர், ரெண்டே நிமிஷம்...”

“மணவூர் வந்துடுச்சிங்க” என்றார் டீச்சர். பல மாதம் கழித்து அவனோடு பேசிய முதல் வார்த்தை.

“எழுந்துருய்யா, சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்” என்றது பெட்டி. முக்கியமாகத் தபால்காரர்.

பாவா லேப்டாப்பை ஒரு கையிலும் என் போனை ஒரு கையிலும் ஏந்திக்கொண்டு எழுந்தான். யாரோ தோளில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பை நடுவில் இருந்த ஒயரை இழுத்துக்கொண்டு போனது. போன் கறுத்தது.

“மயக்கம்தான்” என்றான்.

அந்த மயக்கம் ஒரு வாரம் நீடித்தது. வீட்டில், சர்வீசுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். பாவா பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பார்த்தான், ஒரு நிமிஷம் அமுக்கிப் பார்த்தான், மூன்று பட்டனைச் சேர்த்து அமுக்கிப் பார்த்தான். வேறு ஒயர், வேறு லேப்டாப். நெற்றியில் வைப்பது போல அதற்கு விபூதி வைத்ததையும் பார்த்தேன். சனிக்கிழமை என்னைப் பிளாட்பாரத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போய்ப் போனை என் கையில் வைத்தான்.

“செத்துப்போச்சு பாவா.”

அவன் வாயில் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. “அடியில ஒண்ணு கீது. பட்டன அமுக்கினா போன எழுப்பற சாஃப்ட்வேர். அத எழுதிகினு இருக்கும்போது அறுந்துபோச்சு. இனிமே எழுப்ப ஆளில்ல உள்ள.”

“சரி, போனு போவட்டும். காப்பி எடுத்தியே, வீடியோ, அது எங்க?”

அவன் தண்டவாளத்தைப் பார்த்தான். “போன்லதான் வெச்சேன். வேற போல்டர்ல.”

வாழ்க்கையில் நான் ஒரு மனிதனை அப்படித் திட்டியதில்லை. நிலையமே திரும்பிப் பார்த்தது. “ஆர்.கே.பேட்டையில என் மாமனார் ஒருத்தருக்குத்தான் அத அனுப்பினேன், மூணு வருஷம் முன்ன. அவரு போன்ல இன்னுமா இருக்கும்? கேட்டா என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சிடும். அவகிட்ட இன்னான்னு சொல்லட்டும் நான்?” என்று கத்திவிட்டு, இனிமேல் என் முகத்தில் விழிக்காதே என்று வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவன் ரயிலில் இல்லை. பெட்டியில் எல்லோரும் தைரியமாகப் போனை வெளியே எடுத்தார்கள். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. மத்தியானம், என் நம்பரைப் போட்டிருந்த புதுப் போனில் மாமனாரிடமிருந்து ஏதோ வந்தது. அவர் விசைத்தறி ஓட்டுகிறவர், போனை பாலிதீன் கவரில் சுற்றி வைத்திருப்பவர். பேசுவதற்கும் வந்ததைப் பார்ப்பதற்கும் தவிர அதைத் தொட்டதே இல்லை. திறந்தேன். கட்டில் கால், என் மகள், மூன்று அடி, பொத்தென்று ஒரு சிரிப்பு.

உடனே அவரைக் கூப்பிட்டேன்.

“உங்க சிநேகிதரு வந்திருந்தாரு மாப்ள, உங்க பேரச் சொல்லி தறி தறியா விசாரிச்சிகினு. பாப்பா நடந்தது கீதான்னு கேட்டாரு. இல்லாம இன்னா, டெய்லி சாப்ட்டதும் அதத்தான பாத்துகினு இருக்கேன். எப்படி அனுப்பறதுன்னு சொல்லிக் குடுத்தாரு. எனக்கு வரணுமே, ஒரு மணி நேரம் ஆச்சி. பொண்ணுகிட்ட சொல்ல வேணாம்னாரு, சொல்லல.”

“மாமா, போன அவன் கையில குடுத்தீங்களா?”

“குடுத்தேனே, வாங்கலியே அவரு! ‘வேணாம் நைனா, நீங்களே அமுக்குங்க’ன்னுட்டாரு. வந்ததுலேர்ந்து போறவரைக்கும் ரெண்டு கையையும் பின்னால கட்டிகினுதான் நின்னாரு. ஏன் மாப்ள, கையில எதுனா அடியா அவருக்கு?”

மூன்று வருஷமாக ஒருவரும் நோண்டாத ஒரு போன் முகத்துக்கு நேராக இருக்க, ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு அந்தப் பாவி என்ன பாடு பட்டிருப்பான் என்று எனக்குத்தான் தெரியும். “ஆமாம் மாமா, கொஞ்சம் அடிதான்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அவனை எப்போது பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தேன்.