நாற்பதடி வாசலும் நாலடி வாசலும்

ஒரு காட்டில் இது நடந்தது என்றுதான் தொடங்க வேண்டும். ஆனால் நடந்ததா என்று பன்னிரண்டு வருடமாக எனக்குச் சந்தேகம். சொன்னவர் பொய் பேசும் ஆள் இல்லை. கேட்டதை நம்பிவிட்டு அப்புறம் உட்கார்ந்து குடைந்துகொண்டிருப்பது என் சுபாவம். கேட்டபடியே சொல்கிறேன்.

முயலின் காது உயரத்துக்குப் பனி கொட்டும் காடு அது. மேல்பாதையிலிருந்து இறங்கும் சரிவில் முதலில் கரடி கருப்பையாவின் குகை. அதற்குக் கீழே, பாதை முடியும் இடத்தில், முயல் தெய்வநாயகத்தின் வளை. அவரவர் வாசல் பனியை அவரவர் விடிந்ததும் அள்ளிவிட வேண்டும் என்பது சட்டம். தெய்வநாயகத்தின் வாசல் நாலடி. கருப்பையாவின் வாசல் நாற்பதடி.

தெய்வநாயகம் ஒருநாள் தவறாமல் அள்ளுவார். அள்ளிய இடத்தில் வழுக்காதிருக்க அடுப்புச் சாம்பலும் தூவுவார். கருப்பையா கார்த்திகையில் படுத்தால் பங்குனியில்தான் எழுவார். அவர் வாசலில் விழுந்த பனி இறுகி, கண்ணாடி மாதிரிப் பளபளத்தது.

அந்த வருடம் தெய்வநாயகத்தின் மனைவி பூரணத்துக்குப் பேறுகாலம். மருத்துவச்சி புள்ளிமான் மரகதம்மாள் மேல்பாதையிலிருந்து வர வேண்டும். வேறு வழி கிடையாது.

"ஏங்க, அந்தம்மாவுக்குக் குளம்புக் காலு. இந்தச் சரிவுல எப்படி இறங்குவாங்க?" என்றாள் பூரணம்.

தெய்வநாயகம் குகை வாசலில் நின்று கூப்பிட்டார். "அண்ணே! கருப்பையாண்ணே! வாசலைக் கொஞ்சம் பாருங்கண்ணே!"

உள்ளேயிருந்து குறட்டைதான் வந்தது. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். குறட்டையும் இன்னும் உரக்க வந்தது.

சரி, நாமே அள்ளிவிடுவோம் என்று மண்வெட்டியைத் தூக்கினார். எங்கிருந்தோ பாதைக் குழுச் செயலாளர் நரி வந்து நின்றார்.

"என்ன தெய்வநாயகம், அடுத்தவர் பனியில கை வைக்கிறீரா?"

"உதவிதானுங்க ஐயா."

"உதவிக்கு ஏழாம் எண் படிவம் இருக்கு. உரிமையாளர் கைநாட்டு வைக்கணும். முழிச்சிருக்கும்போது வைக்கணும்."

"அவரு பங்குனியிலதானே முழிப்பாரு?"

"பங்குனியில கொடுங்க. உடனே அனுமதி போட்டுத் தர்றேன்."

"பங்குனியில பனியே இருக்காதே ஐயா."

"அப்ப வேலை இன்னும் சுலபம்" என்றார் நரி.

மூன்றாம் நாள் காலை பூரணத்துக்கு வலி கண்டது. தெய்வநாயகம் புதர் ஓரமாகத் தாவித் தாவி மேலே ஓடி மரகதம்மாளை அழைத்து வந்தார். சரிவின் உச்சியில் அந்த அம்மாள் நின்றுவிட்டார்.

"என்னப்பா இது, பாதையா, பளிங்கா? எனக்கு நாலு காலு. நாலும் ஒவ்வொரு பக்கம் போகும். நான் வரமாட்டேன்."

"தாயீ, தலைப்பிரசவம்..."

கீழேயிருந்து பூரணம் அலறினாள். என்ன சத்தம் என்று காது கொடுக்க மரகதம்மாள் ஓரடி முன்னே வைத்தார். அவ்வளவுதான். மருந்துப் பை கழுத்தில் ஆட, நின்ற நிலை மாறாமல், ஊர்வலத்தில் வரும் தேர் போல நாற்பதடியும் வழுக்கிக்கொண்டு இறங்கினார். ஓடி வந்திருந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் வந்திருக்க முடியாது.

நாற்பதடி முடிந்தது. தெய்வநாயகத்தின் நாலடி வந்தது. சுத்தமான தரை. போதாததற்குச் சாம்பல். குளம்புகள் நான்கும் சட்டென்று பிடித்துக்கொண்டன, உடம்பு நிற்கவில்லை. மரகதம்மாள் தலைகுப்புற வளைக்குள் பாய்ந்தார். தலையும் முன்னங்காலும் உள்ளே, மிச்சம் வெளியே. கண் திறந்தால் எதிரே பூரணம்.

"வந்துட்டீங்களா அம்மா?"

"வந்துட்டேன்டி. இனி இங்கேயேதான்."

அதே கோலத்தில் பிரசவம் பார்த்தார். ஏழு குட்டிகள். ஏழும் சுகம். பிறகு தெய்வநாயகம் பின்பக்கமாக இழுத்து அவரை வெளியே எடுத்தார். மூக்கு மட்டும் கத்திரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

மறுநாள் நரி விசாரணைக்கு வந்து மரகதம்மாளைக் கேட்டார்.

"எங்கே விழுந்தீங்க?"

"முயல் வாசல்ல."

"கரடி வாசல்ல?"

"அங்க நான் விழலையே. வந்தேன்."

நரி எழுதிக்கொண்டார். "நாற்பதடியில ஒரு விபத்தும் இல்லை. நாலடியில ஒரு மூக்கு."

"ஐயா, நான் சட்டப்படி அள்ளினவன்!" என்றார் தெய்வநாயகம்.

"அதைத்தான் எழுதியிருக்கேன். அள்ளினதாலதான் விழுந்தாங்க."

தீர்ப்பு அன்றே வந்தது. விபத்தில்லா வாசல் பராமரித்ததற்கும், மருத்துவச்சியை உரிய நேரத்தில் கொண்டு சேர்த்ததற்கும் கருப்பையாவுக்குப் பாராட்டுப் பத்திரம். மரப்பட்டையில் எழுதிக் குகை வாசலில் மாட்டினார்கள். தெய்வநாயகம் தம் வாசலையும் அதே தரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு.

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தெய்வநாயகம் கூடைகூடையாகப் பனி சுமந்து தம் வாசலில் கொட்டி, தண்ணீர் தெளித்து, வழவழப்பாக்கினார். ஏழு குட்டிகளும் அதில் சறுக்கி விளையாடின.

"அள்ளினது தப்பா பூரணம், சாம்பல் போட்டது தப்பா?" என்று ஒருநாள் கேட்டார்.

"காலையில எழுந்திரிச்சதுதாங்க தப்பு" என்றாள் பூரணம், குட்டிக்குப் பால் கொடுத்தபடி. தெய்வநாயகம் சிரித்துவிட்டுக் கூடையைத் தூக்கினார்.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் கருப்பையாதான். ஒவ்வொரு பேச்சையும் குரல் மாற்றிச் சொல்வார். மரகதம்மாள் பாய்ந்ததை எழுந்து நடித்தே காட்டுவார். பன்னிரண்டு வருடம் தயங்கிவிட்டுப் போன மாதம்தான் கேட்டேன்:

"அண்ணே, நீங்க அப்ப தூங்கிக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

கருப்பையா சட்டென்று கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விட்டார்.

நீதி: மண்வெட்டி வாங்கும் முன் குறட்டை விடப் பழகுங்கள்.