தோன் காசில்தோவின் இரண்டாவது குடுக்கை

எங்கள் புவெர்த்தோ லுனாவில் ஞாயிறு பூசைக்குப் போகிற கூட்டத்தைவிட தோன் காசில்தோவின் கொட்டகைக்குப் போகிற கூட்டம் அதிகம். உருகுவாய் ஆற்றங்கரையில் கால் வைக்க இடமிருக்காது. வலிப்பு, மூட்டுவலி, புருஷன் பேச்சைக் கேட்காத வியாதி, எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்: இரண்டு சுரைக்குடுக்கை மாத்தே, எங்கள் ஊர் கசப்பு இலைக் கஷாயம். அப்புறம் எதற்கு இத்தனை மருத்துவக் கல்லூரிகளைக் கட்டி வைத்தார்களோ!

முதல் குடுக்கையில் மாத்தே இலையோடு அக்கரையிலிருந்து வந்த குவாரனாக் கொட்டைப் பொடியைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுவார். ஐந்தாறு காப்பியைச் சேர்த்துக் குடித்த மாதிரி கை நடுங்கும், நெஞ்சு படபடவென்று அடிக்கும். "பார்த்தீங்களா? உள்ள ஒளிஞ்சிருந்த பேய் துள்ளுது!" என்பார். பிறகு திரைக்குப் பின்னால் போய், சர்க்கரை போட்ட இரண்டாவது குடுக்கையைக் கொண்டுவருவார். குடித்தால் கண் சொக்கும். பேய் படுத்துவிட்டதாம். நானும் துள்ளினேன், நானும் சொக்கினேன். தபால் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்திய மூளை ஐயா இது!

ஒரே ஒரு நிபந்தனை. வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையெல்லாம் அவருடைய மண்பானையில் போட்டுவிட வேண்டும். "மருந்துக்கடை விஷம். சாயங்காலம் ஆத்துல கொட்டிருவேன்" என்பார்.

ரொட்டிக்கடை நில்தாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரை புண்ணியத்தில் இரண்டு வருஷமாக ஒன்றும் வரவில்லை. அதற்கு முன்பு நாலு நாள் விட்டுப்போனதற்கே அடுப்பு வாயில் விழுந்து முழங்கை வெந்துபோனது. அவள் அம்மா பொர்ஃபீரியாவோ, காசில்தோவின் முன்வரிசை பக்தை. ரொட்டி வாங்கப் போன என் காதுபடவே சண்டை நடந்தது.

"இந்த ஞாயித்துக்கிழமை நீ போடலேன்னா, டப்பாவோட நானே தூக்கிப் போட்டுருவேன்டி."

"மாத்திரையை நிறுத்திட்டு அவர் குடுத்ததைக் குடிச்சானே அபெலார்தோ, என்ன ஆனான்? மூணு தடவை விழுந்தான். முன்பல்லு ரெண்டும் போச்சு."

"பேய் போகும்போது இடிச்சுட்டுப் போயிருக்கு. ஐயாவே சொன்னாரே."

"பேய்க்கு எதுக்கும்மா பல்லு?"

நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நில்தா எல்லார் முன்னாலும் மாத்திரைகளைப் பானையில் கவிழ்த்தாள். பொர்ஃபீரியா ஆனந்தக் கண்ணீர் விட்டாள். மற்றவர்களும் கொட்டினார்கள். காசில்தோ பானையைத் திரைக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போனார். முதல் குடுக்கை வந்தபோது நில்தா வாய் வைக்காமல் அடுத்தவருக்குத் தள்ளினாள். இரண்டாவதையும் அப்படியே. நாங்கள் விட்டுவைப்போமா? உறிஞ்சு குழல் கரகரக்கிற வரை உறிஞ்சினோம்.

நில்தா எழுந்தாள். "ஐயா, என் மாத்திரை எங்க?"

"பானையில பத்திரமா இருக்கு மகளே."

"அப்ப சரி. எல்லாரும் கொஞ்சம் நாக்கை நீட்டுங்க."

நீட்டினோம். அடடா! பக்கத்தில் இருந்தவன் நாக்கு நீலம். அவன் என்னைப் பார்த்து அலறினான். பொர்ஃபீரியாவின் நாக்கு எல்லாரையும்விடக் கருநீலம், பக்தி அதிகமல்லவா.

"நான் போட்டது சர்க்கரை உருண்டை. நடுவுல கேக்குக்குப் போடுற நீலச்சாயம். நெஜ மாத்திரை இதோ, என் பையில இருக்கு. பானையில கெடக்க வேண்டியது உங்க நாக்குக்கு எப்படி வந்துச்சு?"

"பேய் வெளியேறுறப்ப அப்படித்தான் நீலமா..." என்று இழுத்தார் காசில்தோ.

அபெலார்தோவின் அப்பா திரையைக் கிழித்தார். பானை காலி. கெண்டி நிறைய நீலத் தண்ணீர், அடியில் கரையாத மாத்திரைத் துண்டுகள். வலிப்பு மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் வரும், பேய் படுத்த ரகசியம் அதுதான். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று அங்கே விளக்கே வைக்கவில்லை மகான். அதனால் அவர் கண்ணுக்கும் நீலம் தெரியவில்லை.

"மாத்தே ஊத்துறவன் மொதல்ல தான் குடிக்கணும். அதானய்யா நம்ம ஊரு வழக்கம்? எங்க, உன் நாக்கை நீட்டு!" என்றார் அபெலார்தோவின் அப்பா.

காசில்தோ வாயை இறுக மூடிக்கொண்டார். போலீஸ் வண்டியில் ஏற்றும்போது "நான் நிரபராதி!" என்று கத்தியதில் நாக்கு தெரிந்தது. கன்றுக்குட்டி நாக்கு மாதிரி சுத்தமான சிவப்பு.

பொர்ஃபீரியா மகளின் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். "இன்னைக்கு உள்ளதைப் போட்டியாடி? இல்லேன்னா மொதல்ல முழுங்கு" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அபெலார்தோவின் மாத்திரையைக் குடித்து, ஒரு வியாதியும் இல்லாத நான் சுகமாகச் சொக்கியிருக்கிறேன். அது இல்லாமல் அவன் பல்லுடைந்து கிடந்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரன் மாத்தே ஊற்றினால் "நீ முதலில் குடி" என்று சொல்லத் தெரிந்த ஊர் இது. பேய் ஓட்டுகிறவனிடம் மட்டும் அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. நாக்கில் ஏறிய நீலம் மூன்று நாளில் போய்விட்டது. மூளையில் ஏறியதை எந்தச் சோப்பு போட்டுக் கழுவுவீர்கள்?