நோட்டில் ஏறாத தொன்னைகள்

எனக்குள் பித்தப்பை என்று ஒன்று இருப்பதே அறுபத்து மூன்று வயதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்த இரண்டே மாதத்தில் அதைப் பறிகொடுத்தும் விட்டேன். முழுத் தப்பும் என்மேல்தான். (பெருமாள்மேலும் கொஞ்சம் இருக்கிறது. அவர் வாய் திறக்கமாட்டார் என்பதால் நானே ஏற்றுக்கொள்கிறேன்.)

மைசூரில் ஹெப்பாள் பக்கம் எங்கள் வீடு. ஒரு நாள் கல்யாணச் சாப்பாடு முடித்து வந்து உட்கார்ந்தேன். வலது விலாவுக்குக் கீழே யாரோ முறுக்குப் பிழிகிற மாதிரி ஒரு வலி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், உள்ளே நாலு கல்!

டாக்டரம்மா சின்னப் பெண். கன்னடக்காரி, தமிழும் பேசுவாள். "அஜ்ஜி, கல்லு தானா கரையாது. ஆனா கொழுப்பக் கம்மி பண்ணுனா வலி வராம பாத்துக்கலாம். நெய், வெண்ணெ, வறுத்தது எல்லாம் பேடா, வேண்டவே வேண்டாம். பட்டினி கெடக்காதீங்க, வேளாவேளைக்குக் கொஞ்சமா சாப்புடுங்க. தெனமும் நடங்க. என்ன சாப்புட்டாலும் ஒரு நோட்டுல எழுதிக் கொண்டு வாங்க."

"தை மாசம் மலைக்குப் போலாமா கண்ணு?" என்றேன். அது ஒன்றுதான் என் கவலை. பேரனுக்கு மாதேஸ்வரன் மலையில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டவள் நான். அவன் பிறக்கும் முன்பே வேண்டியது.

"ஒரு மாசம் வலி வராம இருந்து, நானும் பாத்து சரின்னா போங்க. அந்தக் காட்டுக்குள்ள வலி வந்தா யாரு பாக்கறது?"

அன்றிலிருந்து என் மருமகள் மங்களா ஜெயில் சூப்பரின்டென்ட் ஆனாள். தாளிக்காத குழம்பு. ராகிக் களி, கீரை, தண்ணி மோர். அப்பளத்தைக்கூட நெருப்பில் வாட்டித்தான் போட்டாள். எண்ணெய் டப்பா எனக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. (நான் நாலே முக்கால் அடி. அதிக உயரம் தேவைப்படவில்லை.) பேத்தி திவ்யா ஒவ்வொரு வேளையும் நோட்டில் எழுதினாள். அதுவும் கன்னடத்தில். எனக்குத் தமிழே மூன்றாம் கிளாஸ் வரைக்கும்தான். அவள் எழுதியதை ஒரு தடவை புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்குது சாமி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நடக்கச் சொன்னார்கள் இல்லையா, நடந்தேன். சும்மா நடந்தால் கால் வலிக்கும் என்று பெருமாள் கோயிலுக்கு நடந்தேன். அப்போது மார்கழி. விடிந்ததும் சுடச்சுடப் பொங்கல். தொன்னையைச் சாய்த்தால் நெய் முழங்கைவரை வழியும். பட்டர் கொடுப்பார், நான் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குவேன். பேரனுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று என்று இன்னும் இரண்டு கேட்பேன். வீட்டுக்குக் கொண்டுபோவதற்குள் ஆறிவிடுமே! ஆறின பொங்கலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? அதையும் நானே முடித்துவிட்டு, கோயில் குழாயில் கை கழுவிக்கொண்டு, பசியோடு வீட்டுக்கு வந்து இரண்டு இட்லி சாப்பிடுவேன்.

இதை வீட்டில் சொல்லவில்லைதான். ஆனால் சத்தியமாக மறைக்கவும் இல்லை. விரத நாளில்கூடப் பிரசாதம் வாயில் போட்டால் விரதம் முறியாது. அப்படியென்றால் அது சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. சாப்பிட்டதைத்தானே எழுதச் சொன்னார்கள்?

மாதக் கடைசியில் டாக்டரிடம் போனோம். எடை மெஷினில் கம்பீரமாக ஏறினேன். டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. இரண்டரைக் கிலோ கூடியிருந்தேன்.

நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். "களி, கீரை, மோரு... இத சாப்புட்டு யாரும் இப்படி ஏறமாட்டாங்களே! உள்ள வேற என்னமோ இருக்கு அஜ்ஜி. எல்லா டெஸ்டும் எடுத்துரலாம்."

மங்களாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பெரிய வியாதிங்களா மேடம்? நான் ஒரு சொட்டு எண்ணெகூட ஊத்தலீங்களே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருஷத்தில் எனக்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கே பயம் வந்துவிட்டது. ஐயோ, சாகப்போகிறேன் போல என்று நானும் அழ ஆரம்பித்தேன்.

எழுதிக் கொடுத்த சீட்டோடு கதவைத் திறந்தால், எதிர் நாற்காலியில் பட்டர்!

"அடடே, வாங்கோம்மா!" என்று எழுந்தார். "இன்னிக்கும் மூணு தொன்னை வாங்கிண்டு போனேளே, பேரன் சாப்ட்டானா? நெய் போறுமா இருந்துதா?"

மங்களாவின் அழுகை பாதியில் நின்றது. கையை விட்டாள். திவ்யா நோட்டைத் திறந்து, பேனாவையும் திறந்தாள். உள்ளேயிருந்து டாக்டரம்மாவே எழுந்து வந்துவிட்டாள்.

"அது பிரசாதம் கண்ணு! பிரசாதத்துலயுமா கொழுப்பு இருக்கும்?" என்றேன். நடிப்பில்லை. உண்மையாகவே அதிர்ச்சியில் கேட்டேன்.

"பிரசாதம்னு உங்களுக்குத் தெரியும் அஜ்ஜி. பித்தப்பைக்குத் தெரியாதல்லா?"

பட்டர் வேறு ஆறுதலாகச் சொன்னார். "கவலப்படாதீங்கோ. எனக்குப் போன வருஷமே எடுத்தாச்சு. மத்தவாளுக்கு நன்னா நெய் விடுவேன். நான் மட்டும் ஒரு பருக்கை தொடமாட்டேன்!"

(அடப்பாவி மனுஷா!)

கல் என்னவோ அதுவரை பொறுமையாகத்தான் இருந்திருக்கிறது. குட்டு வெளிப்பட்டதும் அதற்கும் தைரியம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் ஆட்டோவிலேயே பழைய முறுக்குப் பிழிச்சல். விடவேயில்லை. ஜுரமும் வந்து, அட்மிஷன், ஆபரேஷன். வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, பையையே உருவிவிட்டார்கள்.

முடி இறக்கும் நாளைத் தள்ளிப்போட்டுவிடலாம் என்றான் மகன். "சாமிக்குச் சொன்ன சொல்லு. நான் செஞ்ச வேலைக்குப் புள்ளை எதுக்குக் காத்திருக்கோணும்? போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டுப் போர்வைக்குள் அழுதேன். மலையிலிருந்து வீடியோ காலில் காட்டினார்கள். தாய்மாமன் மடியில் பேரன். கத்தி வைத்து, பாதித் தலை மொட்டையானபோது சிக்னல் போய்விட்டது. நான் வேண்டிய வேண்டுதலில் பாதியைத்தான் இன்றுவரை பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்து மலைக்கோயில் லட்டைத் தட்டில் வைத்த மங்களா, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டாள். "அத்தை, இது சாப்பாடுங்களா, பிரசாதமுங்களா? நோட்டுல எப்படி எழுதறதுங்க?"

அதோடு முடியவில்லை. ஃபேக்டரி வாசலில் மசால் தோசை தின்றுவிட்டு வரும் மகனும், டப்பா சிப்ஸோடு பிடிபடும் திவ்யாவும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பிரசாதம்!"

போன வாரம் சமையலறையில் சத்தமே இல்லை என்று எட்டிப் பார்த்தேன். பேரனுக்கு இப்போது மூன்று வயது. வெண்ணெய்க் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் பயப்படவில்லை. ஒரு விரல் வெண்ணெயை எடுத்து, இரண்டு கண்ணிலும் பயபக்தியோடு ஒற்றிக்கொண்டு, வாயில் போட்டுக்கொண்டான்.